பட்டறிந்தவர் துணை: உணவுக் கோளாறு மீட்சியில் சக ஆதரவுப் பணி

அனோரெக்சியா நெர்வோசா என்னும் நோயிலிருந்து ஒருவர் மீண்டு வர ஆகும் காலத்துக்கும், மருத்துவமனை அவருக்கு ஒதுக்கக்கூடிய காலத்துக்கும் இடையே பெரும் இடைவெளி இருக்கிறது. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இந்நோய்க்குச் சிகிச்சை நாடி வந்த பெண்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2017இல் வெளியிட்ட முடிவின்படி, ஒன்பதாம் ஆண்டுவாக்கில் நலம் பெற்றிருந்தோர் நூற்றுக்கு 31 பேர் மட்டுமே. இருபத்திரண்டாம் ஆண்டுவாக்கில் அது 63 ஆக உயர்ந்திருந்தது. நம்பிக்கை தரும் கணக்குதான் என்றாலும், அதற்குள் ஒரு பெண்ணின் இளமை முழுவதும் கழிந்துவிடுகிறது. அந்த ஆண்டுகளில் மருத்துவமனைப் படுக்கையில் கழிவது சில வாரங்கள். உளநல மருத்துவருக்கு எதிரே அமர்வது மாதத்தில் சில மணி நேரம். எஞ்சியதெல்லாம் வீட்டு அடுக்களையிலும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலும் கல்யாணப் பந்தியிலும் கழிகிறது. அந்த எஞ்சிய காலத்துக்குத் துணையாக, அதே நோயைக் கடந்து நலம் பெற்ற ஒருவருக்குப் பயிற்சியளித்து, சம்பளம் கொடுத்து, சிகிச்சைக் குழுவில் ஓர் உறுப்பினராக வைத்துக்கொள்ளும் முறையே சக ஆதரவுப் பணி எனப்படுகிறது. பட்டவருக்குத்தான் வலி தெரியும் என்ற பழைய நம்பிக்கையில் இம்முறை வேர்கொண்டிருந்தாலும், பட்டது மட்டும் போதாது என்பதை உணவு சார்ந்த நோய்கள் வேறெந்த நோயையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன.

நோயின் இயல்பை முதலில் பார்க்க வேண்டும். லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873இல் அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயரை வழங்கினார். அதே ஆண்டில் பாரிஸில் சார்ல் லாசேக் இதே நிலையைத் தனியாக விவரித்தார். உணவைக் கடுமையாகக் குறைத்து, எடை ஆபத்தான அளவுக்கு இறங்கிய பின்பும் குறைப்பதை நிறுத்த இயலாதிருப்பது இதன் அடையாளம். குறுகிய நேரத்தில் பெருமளவு உண்டுவிட்டு, வாந்தியெடுத்தோ பேதி மருந்து உட்கொண்டோ அதை ஈடுசெய்ய முயலும் புலிமியா நெர்வோசாவை ஜெரால்ட் ரஸ்ஸல் 1979இல் வரையறுத்தார். அவ்வாறு ஈடுசெய்யாமல் கட்டுப்பாடிழந்து உண்ணும் நிலை, அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் 2013இல்தான் தனி நோயாக இடம்பெற்றது. வசதி படைத்த வீட்டுப் பெண்களின் பிடிவாதம் என்று இந்நோய்களை ஒதுக்கிவிடும் பழக்கம் இன்னும் மறையவில்லை. ஆனால் 36 ஆய்வுகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டின் பகுப்பாய்வு, அனோரெக்சியா நோயாளரின் இறப்பு விகிதம் அதே வயதுடைய மற்றவர்களுடையதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு என்றும், இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர் என்றும் காட்டியது. ஏறத்தாழ 17,000 நோயாளரின் மரபணுத் தகவலை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களை மரபுத்தொகுதியில் கண்டறிந்ததோடு, உளநோய்க்குரிய மரபுக் கூறுகளோடு உடலின் வளர்சிதை மாற்றத்துக்குரிய கூறுகளும் அதில் கலந்திருப்பதாகக் கூறியது.

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதற்கான மிகத் தெளிவான சான்று நோயாளரிடமிருந்து வரவில்லை, நலமான இளைஞர்களிடமிருந்தே வந்தது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியலாளர் அன்செல் கீஸ், போரில் ஆயுதம் ஏந்த மறுத்து மாற்றுப் பணிக்கு முன்வந்த 36 ஆண்களைத் தேர்ந்தெடுத்து, ஏறக்குறைய ஆறு மாதங்கள் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் தம் எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். அதற்கு முன் சமையலில் நாட்டமே இல்லாத அவர்கள் சமையற்குறிப்பு நூல்களைப் படுக்கையில் வைத்துப் படித்தார்கள், சிறு உணவைப் பிரித்துப் பிசைந்து மணிக்கணக்கில் உண்டார்கள், தட்டை நக்கினார்கள், நண்பர்களை விலக்கினார்கள், கோடையிலும் குளிர்ந்து நடுங்கினார்கள். மீண்டும் உணவு கிடைத்தபோது சிலர் வயிறு நிறைந்த பின்பும் நிறுத்த முடியாமல் உண்டார்கள். அனோரெக்சியா நோயாளரிடம் காணப்படும் விசித்திரங்களாகக் கருதப்பட்டவற்றில் பலவும் பட்டினியின் நேர் விளைவுகளே என்பது இதனால் விளங்கியது. வீட்டார் அனைவருக்கும் விதவிதமாகச் சமைத்துப் பரிமாறிவிட்டுத் தான் மட்டும் உண்ணாத மகள் நடிக்கிறாள் என்று குற்றஞ்சாட்டும் பெற்றோருக்கு இந்தச் சோதனையின் கதையைச் சொல்வதே பாதி மருந்து.

அந்த இளைஞர்கள் மினசோட்டாவில் விரும்பிப் பட்டினி கிடந்த அதே மாதங்களில், இன்று மலேசியாவில் உள்ள பினாங்கு ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரை நீடித்த அந்த ஆட்சியில் அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே பல வீடுகளின் உணவானது. தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் மரண ரயில்பாதையில் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். நெடும் பட்டினிக்குப் பின் திடீரென வயிறார உண்பதே உயிரைப் பறிக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகம் விரிவாகப் பதிவு செய்ததும் கீழை நாடுகளின் போர்க் கைதிகள் விடுவிக்கப்பட்ட காலத்தில்தான். பட்டினியில் கொழுப்பை எரித்துப் பழகிய உடலுக்குள் சோறு நுழைந்ததும் இன்சுலின் பெருகுகிறது. குருதியில் எஞ்சியிருந்த பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை உயிரணுக்களுக்குள் இழுக்கப்படுகின்றன. அவற்றின் அளவு குருதியில் சட்டென்று சரிய, இதயம் தடுமாறுகிறது. மறு உணவூட்டல் நோய்க்குறி என்னும் இந்த ஆபத்தின் காரணமாகவே, மிக மெலிந்த ஒருவருக்கு உணவைக் கூட்டும் முதல் கட்டம் குருதிப் பரிசோதனை செய்யக்கூடிய மருத்துவமனையில் நடக்க வேண்டியிருக்கிறது. சக ஆதரவுப் பணியாளருக்கு இந்தக் கட்டத்தில் முடிவெடுக்கும் இடம் எதுவும் கிடையாது. அவருடைய வேலை அதற்குப் பின்னரே தொடங்குகிறது.

நலம் பெற்றவரையே பணிக்கு அமர்த்துவது புதிய எண்ணம் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளர் பிரிவை நிர்வகித்த ழான்-பத்தீஸ்த் புஸ்ஸேன், தாமும் ஒரு காலத்தில் கண்டமாலை நோய்க்காக அங்கு வந்து தங்கியவர். குணமடைந்த நோயாளரையே பணியாளராக அவர் தேர்ந்தெடுத்ததையும், அவர்கள் மற்றவர்களைவிடப் பரிவோடு நடந்துகொண்டதையும் மருத்துவர் பிலிப் பினெல் பாராட்டி எழுதினார். 1935இல் தோன்றிய குடிநோயாளர் தற்சார்புக் குழுக்கள் இதை உலகறியச் செய்தன. அவற்றின் வழியைப் பின்பற்றி, கட்டுப்பாடின்றி உண்போருக்கான குழு லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1960இல் பிறந்தது. 1999இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், சான்றிதழ் பெற்ற சக ஆதரவுப் பணியாளரின் ஊதியத்தைப் பொதுக் காப்பீட்டு நிதியிலிருந்து வழங்கத் தொடங்கிய பிறகே இது தொண்டு என்ற நிலையிலிருந்து தொழில் என்ற நிலைக்கு உயர்ந்தது. தமிழ்நாட்டிலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது: வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993இல் சென்னையில் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பில், ஒரு காலத்தில் தெருவிலிருந்து மீட்கப்பட்டுச் சிகிச்சை பெற்ற பெண்களில் சிலர் பின்னர் அங்கேயே பராமரிப்புப் பணியாளர்களாகச் சேர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் குடிநோயிலிருந்து எடுத்த பாடத்தை அப்படியே உணவுக் கோளாற்றுக்குப் பொருத்த முடியாது. குடியை விட்டவர் மதுக்கடைப் பக்கமே போகாமல் வாழ்ந்துவிடலாம். உணவை விட்டு எவராலும் வாழ முடியாது. ஒவ்வொரு நாளும் மூன்று வேளையும் நோய் வாழும் இடத்துக்குள்ளேயே போய் வர வேண்டும். இதைவிடச் சிக்கலானது இந்நோயின் ஒப்பிடும் குணம். அனோரெக்சியா நோயாளருக்குத் தன்னைவிட மெலிந்த ஒருவர் அறைக்குள் வந்தாலே, தான் போதிய அளவுக்கு நோயுற்றவரில்லை என்ற எண்ணம் எழுகிறது; தன் மிகக் குறைந்த எடை எவ்வளவு என்று ஒருவர் சொன்னால், கேட்பவருக்கு அது எட்ட வேண்டிய இலக்காக மாறிவிடுகிறது. ஆகவே, மற்ற நோய்களில் பயன்தரும் ‘என் கதையைக் கேள்’ என்ற அணுகுமுறை இங்கே நஞ்சாகவும் முடியலாம். இதனால்தான் இத்துறையில் நடக்கும் பயிற்சிகள், கதையின் எந்தப் பகுதியைச் சொல்லக்கூடாது என்பதற்கே முதலிடம் தருகின்றன: எடை, கலோரி, ஆடை அளவு, மருத்துவமனையில் கிடந்த நாட்கள் ஆகிய எண்கள் எதுவும் வாயிலிருந்து வரக்கூடாது, மறைத்து வைத்த, ஏமாற்றிய உத்திகளை விவரிக்கக்கூடாது, பழைய படங்களைக் காட்டக்கூடாது. சொல்லத்தக்கது மீட்சியின் கதை மட்டுமே, அதுவும் எதிரில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் பயன்படும் அளவுக்கு மட்டுமே. பட்டறிவு கருவியாக வேண்டுமானால் அதைத் தீட்டவும் உறையிலிடவும் கற்க வேண்டும்.

இந்தப் பணி பினாங்கின் ஜார்ஜ் டவுனில் எப்படிப்பட்டதாக அமையும் என்பதை, அந்நகரின் அன்றாடத்திலிருந்தே ஊகிக்கலாம். ஒருவரையொருவர் காணும்போது ‘பசியாறியாச்சா?’ என்று கேட்பதே மலேசியத் தமிழரின் முகமன். அன்பாகக் கேட்கப்படும் அக்கேள்வி, உண்பதை மறைத்து வாழும் பெண்ணுக்கு நாள்தோறும் நடக்கும் விசாரணை. உறவினர் வீட்டு விசேஷத்தில் ‘என்னாமா இப்படி வத்திட்ட’ என்று ஓர் அத்தையும், அடுத்த ஆண்டு ‘நல்லா உடம்பு போட்டுட்ட’ என்று அதே அத்தையும் சொல்லும்போது, இரண்டாவது சொல் மீட்சியைப் பல மாதங்கள் பின்னுக்குத் தள்ளிவிடக்கூடும். பள்ளிகளில் செகாக் எனப்படும் உடற்தகுதித் தேர்வின் ஒரு பகுதியாக மாணவரின் உடல் நிறைக் குறியீடு கணக்கிடப்படுகிறது. பொதுச் சுகாதாரச் செய்தியும் ஒரே திசையில்தான் வீசுகிறது: 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கூடுதல் எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள், நீரிழிவோ இந்தியரிடையே மற்ற இனத்தவரைவிட மிகுதி. எடையைக் குறையுங்கள் என்ற அறிவுரை பெரும்பாலோருக்குத் தேவையானதே. ஆனால் அதைக் கேட்கவே கூடாத சிறுபான்மை ஒன்றும் அதே வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறது.

இத்தகைய சூழலில் சக ஆதரவுப் பணியாளர் செய்வது, பார்க்கிறவருக்கு ஒன்றுமே செய்யாதது போலத் தோன்றும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஒரு பெண்ணோடு, சிகிச்சைக் குழு வகுத்த உணவுத் திட்டத்தின்படி, பினாங்கு வீதியை ஒட்டிய ஓர் உணவகத்தில் தோசை உண்ணப் போவது அவருடைய ஒரு நாள் வேலையாக இருக்கலாம். வாழையிலையின் முன் அமர்ந்த பெண் தோசையை நகக்கண் அளவுக்குக் கிள்ளத் தொடங்கும்போது, ‘அக்கா’ என்று அவள் அழைக்கும் அந்த மூத்தவர் அதைச் சுட்டிக்காட்டித் திட்டமாட்டார், சாப்பிடு என்று கெஞ்சவும் மாட்டார். தம் இலையில் இருப்பதை இயல்பான வேகத்தில் உண்டபடி, அன்றைய மழையைப் பற்றியோ தைப்பூச ரதத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார். பார்த்து உண்பது மனிதர் குழந்தைப் பருவத்தில் கற்ற வழி என்பதால், அது மறந்துபோனவருக்கும் அதே வழியே எளிதாக இருக்கிறது. கடினமான நேரம் கை கழுவிய பின்னர்தான் வருகிறது. உண்ட பின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் குற்றவுணர்வும், புலிமியா உள்ளவர்க்கு வாந்தியெடுக்கும் உந்துதலும் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் தனியே விடாமல் லெபோ பாசார் வழியாக நடப்பதும், அந்த உந்துதல் அலைபோல எழுந்து தானே தணியும் என்பதைத் தம் அனுபவத்திலிருந்து சொல்வதும் பணியின் சாரம். மருத்துவரும் அதையே சொல்லலாம்; ஆனால் தணியும் என்பதை அனுபவித்தவர் சொல்லும்போது கேட்பவர் அதற்கு எதிராக வாதிடுவது கடினம். சோற்றின் மேல் குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையின் நீண்ட வரிசையில் நின்று, குழம்பை எவ்வளவு ஊற்றுவார் என்பதைக் கடைக்காரரின் கைக்கே விட்டுவிட்டு வாங்கி உண்ணும் நாள் வந்தால், அந்தப் பெண்ணின் மருத்துவக் குறிப்பில் அது ஒரு வரியாக எழுதப்பட வேண்டிய முன்னேற்றம்.

விரதம் தனிக் கவனத்துக்குரியது. தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்குக் காவடி எடுப்போர் பல நாட்கள் ஒரு வேளை மரக்கறி உணவோடு விரதம் இருப்பது பினாங்குத் தமிழரின் பெருமைக்குரிய வழக்கம். அதே வழக்கம் உண்ணாமைக்கு எவரும் கேள்வி கேட்காத ஒரு மறைவிடத்தையும் தருகிறது. மேலைநாட்டு வினாப்பட்டியலைக் கொண்டு 1989இல் வட இந்தியப் பள்ளி மாணவியரை ஆராய்ந்த மைக்கேல் கிங்கும் தினேஷ் புக்ராவும், விரதம் போன்ற வழக்கங்களால் சில கேள்விகள் வேறு பொருளில் விளங்கிக்கொள்ளப்பட்டிருந்ததைக் கண்டார்கள். நோய்க்கும் நேர்த்திக்கடனுக்கும் உள்ள வேறுபாட்டை வினாத்தாளைவிட அதே சமூகத்தில் வளர்ந்த ஒருவர் எளிதாக உணர்கிறார்: விரதத்துக்கு முடிவு நாள் உண்டு, அதை முடித்து வைக்கும் விருந்தும் உண்டு, அந்த விருந்தை எண்ணி மகிழ்ச்சியும் உண்டு, நோய்க்கு இம்மூன்றும் இல்லை. நோயுற்றவருக்கு விரதத்திலிருந்து விலக்கு உண்டு என்பதில் இந்து வழக்கமும், நோன்பு மாதத்தில் தமிழ் முஸ்லிம்கள் பின்பற்றும் நெறியும் ஒத்துப்போகின்றன என்பதை நினைவூட்டுவதும் அத்தகைய சக ஆதரவுப் பணியாளருக்கு இயலும்.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் தேவை. மெலிவின் மேல் மோகமும் பருமனின் மேல் அச்சமும் இருந்தால்தான் நோய் என்று நினைப்பது, நியூயார்க்கிலோ லண்டனிலோ எழுதப்பட்ட தன்வரலாறுகளை அளவுகோலாகக் கொள்வதாகும். ஹாங்காங்கில் 70 சீன நோயாளரை ஆராய்ந்து சிங் லீ 1993இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் பருமனுக்கு அஞ்சவே இல்லை. வயிறு உப்பியிருக்கிறது, பசியில்லை, உணவு இறங்கவில்லை என்றே கூறினார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த சிறாரைப் பற்றிய 2007ஆம் ஆண்டு ஆய்வில் மிகுதியாகக் காணப்பட்டது உளம் சார்ந்த வாந்தி. ஆகையால் பினாங்கில் இப்பணிக்கு வருபவர், வெளிநாட்டுப் பயிற்சி நூல் ஒன்றை மொழிபெயர்த்து ஒப்பிப்பவராக இருந்தால், ‘வயிறு சரியில்லைக்கா’ என்று வருபவரின் முன் விழித்துக்கொண்டு நிற்க நேரும்.

இம்முறை உண்மையில் பயன்தருகிறதா என்ற கேள்விக்கு விடை சற்று அடக்கமானது. கடுமையான மனநோய்களில் நடந்த 18 சோதனைகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, மருத்துவமனைச் சேர்க்கை சக ஆதரவால் குறைந்ததற்குத் திடமான சான்று இல்லை என்றும், நம்பிக்கையும் மீட்சி உணர்வும் ஓரளவு உயர்ந்தன என்றும் கூறியது. 2018இல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டிஷ் சோதனையில், நெருக்கடிக் காலச் சிகிச்சையை முடித்த 441 பேரில் சக ஆதரவு பெற்றோரிடையே ஓராண்டுக்குள் மீண்டும் தீவிரச் சிகிச்சைக்குத் திரும்பியோர் நூற்றுக்கு 29, மற்றவரிடையே 38. உணவுக் கோளாற்றைப் பொறுத்தவரை எண்ணிக்கைகள் மிகச் சிறியவை. அமெரிக்காவில் 60 பேரோடு நடந்து 2020இல் வெளியான சோதனை, நலம் பெற்றவர் வழிகாட்டிய குழுவில் உடல் மீதான அதிருப்தியும் பதற்றமும் குறைந்ததாகவும், நோயனுபவம் இல்லாத நண்பர்போன்ற துணை கிடைத்த குழுவில் தனிமை குறைந்ததாகவும் கண்டது. இரண்டு வகைத் துணையும் இரண்டு வேறு பணிகளைச் செய்கின்றன என்பதே இதில் கவனிக்கத்தக்கது. பெற்றோருக்குப் பெற்றோரே துணை நிற்கும் முறையும் உண்டு. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையைச் சார்ந்த ஜேனட் டிரஷரின் குழு, தம் பிள்ளைகளின் நோயைக் கடந்து வந்த பெற்றோரைப் பயிற்றுவித்துத் தொலைபேசி வழியே மற்றப் பெற்றோருக்கு வழிகாட்டச் செய்தது. கூட்டுக் குடும்பத்தின் நிழல் இன்னும் விழும் தமிழ் வீடுகளுக்கு இதுவே முதலில் தொடங்கத்தக்கது என்று கூறலாம்.

பட்டறிந்தவரைப் பணியில் அமர்த்துவது பினாங்குக்கு முற்றிலும் புதிதன்று. 2006இல் மலேசியாவில் ஊசி மாற்றுத் திட்டம் சோதனையாகத் தொடங்கப்பட்ட மூன்று இடங்களில் பினாங்கும் ஒன்று. போதைப் பழக்கத்தைக் கடந்தவர்கள் அதில் களப்பணியாளர்களாகத் தெருவில் இறங்கினார்கள். காவலருக்கும் மருத்துவருக்கும் அஞ்சி ஒளிந்தவர்களை அவர்களால் அணுக முடிந்தது. ஆனால் மலேசியாவில் ஏற்கெனவே உள்ள பிற பணிகளோடு சக ஆதரவுப் பணியைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிஃப்ரண்டர்ஸ் அமைப்பின் தொண்டர்கள் செவிமடுக்கப் பயிற்சி பெற்றவர்கள். நோயனுபவம் அவர்களிடம் எதிர்பார்க்கப்படுவதில்லை. ஆலோசகர் என்று தம்மை அழைத்துக்கொள்ள 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு வேண்டும். சக ஆதரவுப் பணியாளர் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளவும் கூடாது, அந்தப் பணியைச் செய்யவும் கூடாது. 2017இல் அனிதா அபு பாக்கார் தொடங்கிய மியாசா போன்ற, நோயனுபவம் உள்ளோர் நடத்தும் அமைப்புகள் நாட்டில் இருப்பதால், பயிற்சிக்கான அடித்தளம் இல்லாமற்போகவில்லை.

இப்பணியை ஏற்படுத்த நினைக்கும் எந்தச் சேவையும் மூன்று செலவுகளை ஏற்கத் தயாராக இருக்க வேண்டும். முதலாவது சம்பளம்: அனுபவத்தைத் தானமாகக் கேட்டு, படித்தவருக்கு மட்டும் ஊதியம் தருவது நலம் பெற்றவரை மீண்டும் நோயாளியின் நாற்காலியில் உட்கார வைப்பதாகும். இரண்டாவது, வாரந்தோறும் மூத்த மருத்துவப் பணியாளரோடு அமர்ந்து தாம் கண்டதையும் தமக்குள் கிளர்ந்ததையும் பேசித் தீர்க்கும் மேற்பார்வை. மூன்றாவதை நிர்வாகிகள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்: பணியாளருக்கே நோய் திரும்பும் அறிகுறி தெரிந்தால், வேலை போய்விடும் என்ற அச்சமின்றி விடுப்பில் செல்லும் உரிமை. அந்த உரிமை இல்லாத இடத்தில் அவர் மறைப்பார்; மறைப்பது இந்நோயின் முதல் பழக்கம். இம்மூன்றில் ஒன்றையும் தர இயலாத சேவை இப்பணியைத் தொடங்காதிருப்பதே நேர்மை.

மயக்கம், மிகக் குறைந்த நாடித்துடிப்பு, நின்றுபோன மாதவிடாய், உண்டவுடன் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்ளும் வழக்கம், கன்னத்தின் கீழ் வீங்கிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஆகியவற்றுள் எதையேனும் வீட்டில் ஒருவரிடம் காண்போர், துணை தேடுவதற்கு முன் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்திலோ பினாங்குப் பெரியாஸ்பத்திரியிலோ இதயத் துடிப்பையும் குருதியின் பொட்டாசியம் அளவையும் சோதிக்கச் செய்ய வேண்டும். மனநெருக்கடியில் பேச ஒருவர் வேண்டுமென்றால், மலேசியச் சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய ஹீல் சேவையின் எண் 15555.